நம்பர் மாறிய உப்பு

நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அர்த்தம் தெரியாது. அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அர்த்தம் தெரிந்தவள் வந்தால் குறுக்கே பேசுவாள் என்று ஆபீசர் நினைத்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புகளைச் சுற்றியிருந்த கிணற்றுத் தண்ணீரை எடுத்து வந்து ஆராய்ச்சி செய்கிற சின்ன ஆய்வுக்கூடம். வாடகைக் கட்டடம். முன்பக்கம் அரிசி மண்டி, பின்பக்கம் நாங்கள். நாங்கள் என்றால் ஆபீசரும் நானும். காலையில் சின்னாளப்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வருவேன். கூட்டுவேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவேன். அரிசி மண்டிப் பூனை உள்ளே வந்தால் விரட்டுவேன். மருந்துப் பெட்டி வந்து இறங்கினால் மட்டும் வேறு வேலை. சீட்டு வாசிக்க வேண்டும்.

ஒவ்வொரு புட்டியோடும் ஒரு சீட்டு வரும். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு சுத்தம், வேறு என்னென்ன அதில் கலந்திருக்கிறது, எம்புட்டுக் கலந்திருக்கிறது, எல்லாம் அச்சடித்திருக்கும். ஆபீசர் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார். எனக்குச் சீட்டுதான். இடது கையில் புட்டி, வலது கையில் சீட்டு. முதலில் நம்பர். புட்டியில் குத்தியிருக்கிற நம்பரும் சீட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு வாசிக்கலாம். பிறகு ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பார். இரண்டு "ம்" போட்டால் திரும்ப வாசிக்க வேண்டும். "ம்" வரவே இல்லை என்றால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஊரில் சரக்கு விற்கிறவன் குறையைச் சொல்லி நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா நெசவாளி. சேலையில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தை உள்மடிப்பில் தள்ளித்தான் மடிப்பார். இந்தக் கம்பெனிக்காரன் மட்டும் தன் சரக்கில் இன்ன குறை, இன்ன குறை என்று தானே அச்சடித்து, ஒரு ஆளை விட்டுக் கையெழுத்தும் போடச் சொல்லி, பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறான்.

ஆபீசரிடம் கேட்டேன். குறை இல்லாத சரக்கு உலகத்திலேயே கிடையாது, குறை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர்தான் சுத்தம் என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன். "உங்க ஆபீசருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று அம்மா கேட்டாள். ஆகவில்லை என்றேன். "ஆகாது" என்றாள்.

எனக்கும் ஆகவில்லை. அதுதான் வீட்டில் பேச்சு. பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு வீட்டார் என் வேலையைக் கேட்டுவிட்டு, திராவகம் பட்டிருக்கும் என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், சந்தையில் கத்திரிக்காய் பார்ப்பதுபோல. கை நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் வேலையே செய்யமாட்டாள் போல என்று போய்விட்டார்கள். இன்னொரு வீட்டில், இங்கிலீஷ் வாசிக்கிற பெண் வேண்டாம், எதையாவது வாசித்துவிடுவாள் என்றார்கள்.

அடுத்து வந்தது திண்டுக்கல் வரன். பூட்டுப் பட்டறையில் வேலை. தகப்பன் இல்லை. தாயும் தாய்மாமனும்தான். கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் கோயில் கதவில் தொங்கிய பூட்டைச் செத்த நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குப் பிடித்துவிட்டது.

அவர்களுக்கும் பிடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கை நனைக்கிறோம் என்று மாமா சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஆட்களில் அதுதான் முடிவு. பெண் பார்க்க வந்தால் காப்பி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், ஒன்றும் ஆகாது. இலை போட்டு உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பெண் எடுத்தாகிவிட்டது. கை வைக்காமல் எழுந்துவிட்டால் தீர்ந்தது. அவர்கள் பஸ் ஏறுவதற்குள் சின்னாளப்பட்டி முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் நம் வாசலில் எவனும் செருப்பைக் கழற்றமாட்டான்.

அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத்துக்கு உப்பு வந்தது. வெறும் உப்பு. ஆனால் ரொம்பச் சுத்தமான உப்பு. கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முதலில் ஒரு நல்ல உப்பு வேண்டுமாம். பெட்டியைப் பிரித்தேன். இடது கை, வலது கை. நம்பர் சேரவில்லை. புட்டியில் ஒன்று, சீட்டில் வேறொன்று.

ஆபீசரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்தார். வாங்கிப் பார்த்தார். புட்டியை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "ஊரு பேரு தெரியாத உப்பு. கொட்டிரு" என்றார்.

உப்பைக் கொட்டக்கூடாது சார், வீட்டுக்கு ஆகாது என்றேன்.

இது வீடு இல்லை என்றார். பிறகு யோசித்து, கொட்டுவாயோ நக்குவாயோ, புட்டியும் சீட்டும் இந்த அறையில் இருக்கக்கூடாது, சேராத இரண்டைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது என்றார். நம்பர்களை மட்டும் குறித்துக்கொண்டார். நான் இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்போது எங்கள் வீட்டில் கல் உப்புதான். சாக்கில் வரும். கழுவினால் அடியில் மண் நிற்கும். அம்மா இந்தப் புட்டியைத் திறந்து பார்த்தாள். மாவு மாதிரி, பால் மாதிரி இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது ஞாயித்துக்கெழமைக்கு" என்று சொல்லி, சீட்டையும் புட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு மேலே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்களும் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, மாமா. மாமா ரயில்வேயில் பார்சல் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். பெட்டி மேல் ஒட்டியிருக்கிற இங்கிலீஷை வாழ்நாள் முழுக்க வாசித்தவர். எதையும் எடை பார்க்கிறமாதிரிதான் பார்ப்பார். அப்பாவையும் அப்படித்தான் பார்த்தார்.

முருங்கைக்காய் சாம்பார், கத்திரிக்காய் வெஞ்சனம், அப்பளம், பாயசம். சமையல் நடக்கும்போதே அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். சாம்பாரில் உப்பை வேண்டுமென்றே குறைத்துப் போட்டிருக்கிறாளாம். அப்போதுதான் இலையில் வைத்த உப்பை எடுத்துத் தொட்டுக்கொள்வார்களாம். தொட்டால்தான் கேட்பார்களாம். கேட்டால்தான் சொல்லமுடியுமாம்.

அவள் திட்டம் பலித்தது. இலை போட்டதும் முதலில் உப்பு வைத்தாள். மாமா இலையின் மூலையை உற்றுப் பார்த்தார். சீனியா என்று கேட்டார். அம்மா அதற்காகவே அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"உப்புண்ணே. லேபுல இருந்து வந்தது. சர்ட்டிபிகேட்டு உள்ள உப்பு" என்றாள்.

உப்புக்குச் சர்டிபிகேட்டா என்று மாமா சிரித்தார். எனக்கே எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் கிடையாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே போய்ப் புட்டியையும் சீட்டையும் எடுத்துவந்து கொடுத்துவிட்டாள்.

நான் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியில் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது.

மாமா கண்ணாடியைப் போட்டார். பார்சல் ஆபீஸ் குரலில் வாசித்தார். முதல் வரி உப்பின் பெயர். அதில் ஒன்றுமில்லை. அடுத்து சல்பேட். அடுத்து அயர்ன். "அயர்ன்னா இரும்பு" என்று அவரே தமிழும் சொன்னார். உப்புக்குள் எதற்கு இரும்பு என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மாமா அடுத்த வரிக்குப் போனார். லெட். "ஈயம்" என்றார். இப்போது குரல் இறங்கிவிட்டது. அடுத்த வரியை வாய்க்குள்ளேயே வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இதுல ஆர்சனிக்குன்னு போட்டிருக்கு. பார்சல் ஆபீசுல மண்டையோடு போட்ட பெட்டியில இதே எழுத்தைப் பார்த்திருக்கேன். அது எலி மருந்து."

மாப்பிள்ளையின் அம்மா கையை இலைக்கு மேலேயே நிறுத்தினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

சோறு இலையில் ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை.

அப்பா பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினார். சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அந்த வரியின் கடைசியில் ஒரு புள்ளிக்கு அப்புறம் சைபர் வரிசையாக இருந்தது. இத்தனை சைபர் போட்டிருக்கிறானே, அப்படியென்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்றார்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. சைபர் கூடினால் மதிப்புக் கூடுமா குறையுமா என்று கேட்டார். நூறைவிட ஆயிரம் பெரிது. ஆயிரத்தைவிட லட்சம் பெரிது. இங்கே லட்சத்துக்கு மேலேயே சைபர் கிடக்கிறது என்றார்.

"நூல்ல அப்படி இல்லையே" என்றார் அப்பா. "நூல்ல நம்பர் கூடக் கூட இழை மெலிசு. நாப்பதாம் நம்பரை விட நூறாம் நம்பர் மெலிசு. அதுமாரி, சைபர் கூடினா விஷமும் மெலிசு."

"மெலிசான நூல்தான் கழுத்தை அறுக்கும்" என்றார் மாமா.

அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய ஒரு வருஷப் பேச்சு அது.

அம்மா உள்ளே ஓடிவந்து கல் உப்பை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போனாள். அழுக்கும் துரும்புமாக இருந்தது. மாமா அதைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். இதற்குச் சீட்டு உண்டா என்று கேட்டார். சாக்கில் வருவதற்கு ஏது சீட்டு என்றாள் அம்மா. அப்படியென்றால் இதில் எலி மருந்து இல்லை என்றார். இருந்தால் எழுதியிருப்பானே என்றார் மாப்பிள்ளையின் அம்மாவும். கிண்ணத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து இலையில் வைத்தார். காரியம் கூடிவந்ததுபோல இருந்தது. அப்போது மாமா, சாம்பாருக்கு எந்த உப்பு என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வரும். ஆனால் அன்றைக்கு வரவில்லை. கொஞ்சம்தான் போட்டேன் அண்ணே என்றாள்.

மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர், ஒரு காலைக் குத்திட்டு வைத்தார். எழுந்திருப்பதற்கு முன்னால் செய்வது அது. பிறகு என்ன நினைத்தாரோ, பெண்ணைக் கூப்பிடுங்கள், அவள்தானே அங்கே வேலை பார்க்கிறாள், அவளே சொல்லட்டும் என்றார்.

போனேன். குனிந்து நின்றேன். புட்டியையும் சீட்டையும் என் கையில் கொடுத்தார்.

"தாயி, நீ சொல்லு. இந்தச் சீட்டுல இருக்கிறது இந்தப் புட்டியில இருக்கா இல்லையா?"

அங்கேதான் நான் தப்பிக்க வழி இருந்தது. இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யாத அளவு என்று சொல்லியிருக்கலாம். ஆபீசர் அப்படித்தான் சொல்லுவார். ஆனால் புட்டி இடது கையிலும் சீட்டு வலது கையிலும் வந்துவிட்டால் எனக்கு முதலில் கண் போகிற இடம் ஒன்றுதான். கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில்.

"இந்தச் சீட்டு இந்தப் புட்டிக்கு உள்ளது இல்ல. நம்பர் வேற" என்றேன்.

மாமா கண்ணாடியை மறுபடி போட்டார். இரண்டு நம்பரையும் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை. ஆமாம், வேற என்றார். அப்படியென்றால் இந்தப் புட்டியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அடுப்படியிலிருந்து கேட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். தெரிந்த விஷத்தையாவது தின்னலாம், தெரியாததை எப்படித் தின்பது. நாளைக்குத் திங்கள்கிழமை, பஸ் ஏற வேண்டும், புட்டி கழுவ வேண்டும் என்று மனது அதற்குள் போய்விட்டது. அழவில்லை. எனக்கு அது வராது.

அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை அப்போது திறந்தார்.

"சாவி மாறிப்போச்சு மாமா."

மாமா திரும்பினார்.

மாப்பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பட்டறையில் பூட்டுக்கு ஒரு நம்பர் குத்துவோம், அதன் சாவிக்கும் அதே நம்பர் குத்துவோம் என்றார். சில சமயம் கட்டும்போது சாவி மாறிப்போகும். வாங்கினவன் வந்து, பூட்டு திறக்கவில்லை, பூட்டு மோசம் என்பான். நம்பரைப் பார்த்தால் அது வேறு பூட்டின் சாவியாக இருக்கும்.

"வேற பூட்டோட சாவியைக் கொண்டாந்து வச்சுக்கிட்டு, இந்தப் பூட்டைக் குத்தம் சொல்ல முடியுமா?" என்றார்.

மாமா யோசித்தார். பார்சல் ஆபீசில் லேபிள் மாறிப்போன பெட்டிகள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்ப அந்த எலி மருந்து?"

"அது வேற புட்டியில மாமா."

"அந்த ஈயம்?"

"அதுவும் அங்கிட்டுத்தான்."

மாமாவின் முகத்திலிருந்து பாரம் இறங்கியது தெரிந்தது. குத்திட்ட காலை மடக்கி மறுபடி சம்மணம் போட்டார். "அதானே. நம்ம புட்டியில ஒண்ணும் எழுதலையே" என்றார். மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்தப் புட்டி எந்த ஊருக்குப் போனதோ, எந்த வீட்டில் வைத்திருக்கிறார்களோ, பாவம் என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஆமாம் மதினி, பிள்ளைகள் இருக்கிற வீடாக இருக்கும் என்றாள். இரண்டு பேரும் அந்த வீட்டுக்காகச் செத்த நேரம் வருத்தப்பட்டார்கள். அப்பாவும் உச்சுக்கொட்டினார்.

அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லாச் சீட்டும் நான் வாசித்திருக்கிறேன். உப்பு என்றால் ஈயமும் இரும்பும் எலி மருந்தும் ஒரு துளி எழுதாமல் எந்தச் சீட்டும் வராது. விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா எப்போது வந்தாளோ, பாயச வாளியை என் கையில் திணித்தாள். பாயசம் ஊற்றுகிறவள் பேசக்கூடாது. மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். அவர் இலை மூலையிலிருந்து அந்த வெள்ளை உப்பைத் தாராளமாக எடுத்து சாம்பார் மேல் தூவி மறுபடி பிசைந்தார். சாம்பாரில் உப்பே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அவர் சாப்பிட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். மாமா ரொம்ப உன்னிப்பாகப் பார்த்தார், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. மாப்பிள்ளை அப்பளத்தை நொறுக்கினார். கத்திரிக்காயைக் கேட்டார். மறு சோறு கேட்டார்.

"பொழச்சுக்கிட்டான். சாப்பிடுங்க" என்றார் மாமா.

அப்படித்தான் கை நனைந்தது. மாமா கல் உப்பைத்தான் தொட்டுக்கொண்டார். அது அவர் இஷ்டம்.

தேதி குறித்தார்கள். பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் ஆபீசர் ஒரு கவரைக் கொடுத்தார். நம்பர் மாறியதைப் பற்றிக் கம்பெனிக்குக் காட்டமாக எழுதியிருந்தாராம். மன்னிப்புக் கேட்டுச் சரியான சீட்டை அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் புட்டியின் நம்பர். வாசித்தேன். இரும்பு. ஈயம். ஆர்சனிக். பழைய சீட்டைவிட ஒரு சைபர் குறைச்சலாக இருந்தது; அப்பா கணக்கில் விஷம் இன்னும் தடிப்பு. ஆபீசர் "ம்" என்றார். கோப்பில் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டார்.

"மாமாட்ட சொல்லிறாத. இன்னைக்கே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவாரு" என்றார்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. அதனால் கேட்டேன். சீட்டு மாறினால் உப்பில் இருப்பது மாறாது என்று அன்றைக்கே தெரியுமா என்று. சாவியைச் சொருகித் திருப்பிப் பார்த்தார். திறந்தது. மூடினார்.

"தெரியும்."

பின்னே எதற்கு அப்படிப் பேசினீர்கள் என்றேன். கோயிலில் பார்த்ததிலிருந்தே பிடித்துவிட்டது, அந்த மாதிரி ஏதாவது சொல்வார் என்று ஒரு எண்ணம். புதுப்பெண்ணுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்யும்.

"பசிச்சுச்சு" என்றார்.

பொய் சொல்லியிருக்கமாட்டார். அன்றைக்குச் சோறு போட்டவள் நான்தானே.